தூணோரம் நிற்கும் வண்டிக்கு டயர் மாற்றிய கதை



பி பிளாக் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டிய தூணோரம் தார்ப்பாய் போர்த்திய ஒரு பைக் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகு அதன்மேல் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. ஓடாமல் நிற்கும் வண்டிகளை 60 நாட்களுக்குள் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சங்கமே அப்புறப்படுத்தும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூணோரம் நிற்பதும் என் வண்டிதான். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வண்டியை நகர்த்தலாம் என்று போனால் இரண்டு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. காற்று அடித்தால் நிற்கவில்லை. சரி, புது டயர் போட்டுவிடுவோம், சக்கரத்தை நாமே கழற்றுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு நாள் வேலை மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் இந்தக் காற்று நிரப்பிய ரப்பர் வளையத்தின் வரலாறு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிட்டது. ‘நம்ம ஊர் வரலாறு’ பகுதிக்கு இந்தக் காலாண்டில் கட்டுரை வரவில்லை என்று ஆசிரியர் குழு கேட்டதால் அதையே எழுதித் தருகிறேன். இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. சி பிளாக்கில் ஒரு தம்பி தன் அப்பாவின் பழைய யெஸ்டியைத் தூசு தட்டி ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் இருப்பது அப்பா போட்ட அதே டயர். அந்தத் தம்பிக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் என் வண்டி. அது இன்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100. ஊரில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஓசூருக்கு சிப்காட் வந்தது 1970களில். சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் இங்கே மொபெட் தொழிற்சாலை தொடங்கி, 1980இல் டி.வி.எஸ். 50 வண்டியை வெளியே விட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் நம் நாட்டில் அதுதான் முதல். அதே ஆண்டில் அசோக் லேலண்டும் ஓசூரில் லாரி செய்யத் தொடங்கியது. பிறகு ஜப்பான் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்து 1984இல் இங்கேயே தயாரான மோட்டார் சைக்கிள்தான் ஏ.எக்ஸ். 100. இந்திய-ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சி.சி. வண்டிகளில் அது முந்திக்கொண்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இரண்டும் அடுத்த ஆண்டுதான் வந்தன. ஆர்.எக்ஸ். 100க்கு இன்றைக்கும் ரசிகர் கூட்டம் இருக்கிறது, நம்ம ஊரில் பிறந்த வண்டியை நம்ம ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

1987இல் நான் அதை வாங்கினேன். என் ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் தருமபுரி என்று இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல்தான். அந்த நாளில் சிப்காட் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் வண்டிகளைப் பார்த்தாலே எந்த வண்டிக்கு எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். மொபெட்டும் ஏ.எக்ஸ். 100ம் உள்ளூர். புல்லட் என்றால் சென்னை திருவொற்றியூர், 1955 முதல் அங்கே உருவானது. ஜாவா, யெஸ்டி என்றால் எல்லைக்கு அப்பால் மைசூர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஐடியல் ஜாவா என்ற பெயரில் 1960களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தி ஆரம்பித்தது. 1970களில் அந்த வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதனால் நம் பக்கத்தில் யெஸ்டி வைத்திருப்பவர் உதிரி பாகத்துக்குப் பேருந்து ஏறி பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குத்தான் போவார். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி இரண்டு சோதனைச் சாவடிகளையும் தாண்டி, தோளில் இரண்டு டயரை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பேருந்தில் நின்று வருபவர்களை அந்த நாளில் அடிக்கடி பார்க்கலாம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார், கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் சண்டை நடந்து தமிழில் முடியும்.

இனி டயருக்கு வருவோம். காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இல். குதிரை வண்டிக்காக அவர் செய்தது. அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1888இல் காப்புரிமை வாங்கினார். வண்டி மெத்தென்று ஓடியது. ஆனால் ஒரு சிக்கல். டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் முழுவதையும் பிய்த்தெடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி பசை தடவி, காய வைக்க வேண்டும்.

அப்படிப் பஞ்சரான ஒரு சைக்கிள் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு வந்தது. பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் சீக்கிரமே மறுபடி பஞ்சர். இதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நீண்ட சைக்கிள் போட்டியில் சார்ல் டெரோன் அந்த டயரைப் போட்டு ஓட்டி முதலாவதாக வந்தார். டயர் என்பது கழற்ற முடிகிற ஒரு பொருள் என்பது அன்றைக்குத்தான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆனால் நீங்களும் நானும் இன்று கழற்றும் டயர் மிஷலினுடையது அல்ல. இங்கிலாந்தில் 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் செய்த யோசனையின் வாரிசு அது. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டயர் மாற்றுவதன் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

டயரின் உள்ஓரத்தில், ரிம்மோடு ஒட்டி உட்காரும் இடத்தில், ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. அதைப் பீடு என்கிறோம். அந்தக் கம்பி இழுத்தால் நீளாது. நீளாமல் இருப்பதுதான் அதன் வேலை, நீண்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரிம்மின் வெளி விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. அப்படியானால் சின்ன வளையம் பெரிய விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது? ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கத்துப் பீடை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால், எதிர்ப் பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடைவெளியில் லிவரை விட்டுத் தூக்கினால் பீடு விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். சின்ன வளையலைக் கையில் ஏற்றும்போது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்குகிறோம் இல்லையா, அதே தந்திரம். பலத்துக்கு இதில் வேலையே இல்லை. எங்கேயாவது முரட்டுத்தனமாக நெம்ப வேண்டியிருந்தால், எதிர்ப் பக்கம் பீடு பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம்.

வெல்ச் இதை யோசித்தும் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர வெகு காலம் ஆனது. 1920கள் வரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கம்பி இல்லாத வேறொரு டயர்தான் இருந்தது. ரிம்மின் விளிம்பு உள்பக்கமாகக் கொக்கி போல வளைந்திருக்கும், டயரின் தடித்த ரப்பர் ஓரம் அதில் போய் மாட்டிக்கொள்ளும். உள்ளே காற்று நிறைய இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஓடும்போது காற்று இறங்கினால் டயர் கொக்கியை விட்டு நழுவி, சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். எத்தனை பேர் விழுந்திருப்பார்களோ. நடுவில் பள்ளமுள்ள ரிம்மும் கம்பி வைத்த டயரும் அதன் பிறகுதான் நிலைத்தன. என் வண்டியின் ரிம் அதே தத்துவம். உங்கள் ஸ்கூட்டி, புல்லட், கார் எல்லாமே அதே தத்துவம்.

இடையில் ஒரு சங்கதி. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம் அல்லவா? அது வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயர். ஸ்டெப்னி தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த நிறுவனம் போய்விட்டது, அவர்கள் நாட்டிலேயே அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லை. நம் ஊர் லாரி டிரைவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டருக்கு ஸ்டெப்னி உண்டு, பைக்குக்கு இடமில்லை. அதனால் பைக் செய்தவர்கள் சக்கரத்தையாவது சுலபமாகக் கழற்ற வழி யோசித்தார்கள். இதில் ஜாவாக்காரர்களை நான் மெச்சுவேன். ஜாவாவிலும் யெஸ்டியிலும் செயின் முழுக்க மூடிய தகரப் பெட்டிக்குள் ஓடும். பின் சக்கரத்தின் ஆக்ஸிலை உருவினால் சக்கரம் மட்டும் தனியே வந்துவிடும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பெட்டிக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும். கையில் கிரீஸ் படாது. புல்லட்டிலும் இது போன்ற ஏற்பாடுதான், பிரேக் டிரம்மும் செயினும் வண்டியிலேயே நிற்க, சக்கரம் ரப்பர் கட்டைகளிலிருந்து விடுபட்டு வரும். இரண்டிலும் மட்காட்டுக்கு அடியிலிருந்து சக்கரத்தை வெளியே எடுக்க வண்டியை ஒரு பக்கம் சாய்க்க ஆள் வேண்டும். யெஸ்டித் தம்பி, தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

என் வண்டியில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஆக்ஸில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி சாய்ந்துவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை கொடுத்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். முன் சக்கரத்தில் பிரேக் கேபிளையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் விடுவித்து ஆக்ஸிலைத் தட்டினால் வந்துவிட்டது. பின் சக்கரத்தில் பிரேக் ராடு, டிரம் தட்டைப் பிடித்திருக்கும் கம்பி, பிறகு செயின் லாக். எந்தப் பக்கம் எந்த வாஷர், எந்த புஷ் என்று செல்போனில் படம் எடுத்து வைத்தேன். இந்த வசதி 1987இல் இல்லை. அப்போது செய்தித்தாளை விரித்துக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்போம், காற்றடித்தால் போச்சு.

டயரைப் பார்த்தேன். பட்டன் நன்றாகவே இருந்தது. பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். ஓடாத வண்டியில் பட்டன் எப்படித் தேயும்? ரப்பர் தேய்வது வேறு, ரப்பர் முதுமை அடைவது வேறு. வெயில், ஓசோன், நாட்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்பது எல்லாம் அதைக் கெட்டியாக்கி வெடிக்க வைக்கும். பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அதைத் தேடுங்கள். என் டயரில் 2208 என்று இருந்தது. 2008ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். 2000ஆம் ஆண்டு முதல்தான் இப்படி நான்கு இலக்கம். உங்கள் டயரில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால், அது போன நூற்றாண்டு டயர், பேச்சே வேண்டாம். கட்டை விரலால் டயர் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். என்னுடையதில் காய்ந்த ஏரித் தரை போல வெடிப்பு தெரிந்தது.

அளவையும் அதே பக்கச் சுவரில் படித்துக்கொள்ளலாம். என் வண்டிக்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம்மின் விட்டம். இன்றைய டயர்களில் 100/90-18 என்கிற மாதிரி இருக்கும். அதில் அகலம் மில்லிமீட்டரில் 100, உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் மட்டும் பழைய பழக்கத்தில் அங்குலம். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று தடித்த டயர் போடச் சொல்வார்கள். செயின் கவரில் உரசும், ரிம்மில் சரியாக உட்காராது. பழைய அளவே போதும். 18 அங்குலத்தில் மெலிந்த டயர் ஓசூரில் இரண்டு கடையில் இல்லை, மூன்றாவது கடையில் கிடைத்தது. அதிலும் நான்கு இலக்கத்தையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்துத்தான் வாங்கினேன். கடையிலேயே மூன்று வருடம் படுத்திருந்த டயரை ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்.

டயர் செய்வதில் தமிழ்நாட்டுக்குக் கையிருப்பு அதிகம். கே.எம். மம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. முதலில் பலூன், 1952இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பர், 1960களில் முழு டயர். டன்லப் அதற்கு முன்பே 1936இல் வங்காளத்தில் தொழிற்சாலை போட்டு, பிறகு அம்பத்தூருக்கும் வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா டயர்ஸ் 1982இல் தொடங்கியது. இந்தப் பெயர்கள் இல்லாமல் ஓசூரின் இருசக்கர வண்டிக் கதை முழுமையாகாது.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த பகுதி.

1994இல் இதே வண்டிக்கு நானே டயர் மாற்றினேன். பட்டறையில் வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது அது நடுவில் தடுப்பில்லாத பழைய இருவழிச் சாலை. சூளகிரி தாண்டியதும் பின் சக்கரம் ஒரு பக்கமாக வழுக்குவது போல இருந்தது. இரண்டு முறை ஆடியது, மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தோம். எதிரே லாரி வராதது எங்கள் நேரம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தக் கையால் தோசை மாவுப் பாத்திரத்தைத் தூக்க மாட்டாள்.

வண்டியை ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடை பாய் டியூபை எடுத்துக் காட்டினார். நீளவாக்கில் ஒரு மடிப்பு, மடிப்பின் முதுகில் கிழிசல். “சார், காத்தே இல்லாம டியூபை உள்ள விட்டிருக்கீங்க. மடிஞ்சு மாட்டிக்கிச்சு. ஓட ஓட அந்த மடிப்பு தேஞ்சுது. கொஞ்சமா காத்து வெச்சு, பலூன் மாதிரி உருண்டையானதும் போடணும்” என்றார். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் அன்றிரவு சொன்னேன். “தெரியும்ங்க, டயர் போட்டது நீங்கதானே” என்றாள், அவ்வளவுதான்.

அந்த பாய் சொன்ன முறையிலேயே இந்த முறை செய்தேன். பழைய டயரைக் கழற்ற முதலில் வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க விட்டு, பீடை இரண்டு பக்கமும் மிதித்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பல வருடம் நின்ற டயர் ரிம்மோடு ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சற்று ஊற விடுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பீடு இறங்காது. ஆகவே வால்வுக்கு நேர் எதிரில் மிதித்து இறக்கி, வால்வுப் பக்கத்தில் லிவரைப் போட்டுக் கழற்ற ஆரம்பிக்க வேண்டும். மாட்டும்போது எதிர்ப் பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். லிவர் போடும் இடைவெளி மூன்று விரலுக்கு மேல் போகக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம், டியூபுக்கு எமன் அதுதான்.

டயர் வந்த பிறகு ரிம்மைப் பாருங்கள். என் ரிம்மில் ஸ்போக் நிப்பிள்களை மூடும் ரப்பர் பட்டை அப்பளம் போல நொறுங்கிவிட்டது. புதுப்பட்டை முப்பதோ நாற்பதோ ரூபாய் இருக்கும், அதை மிச்சம் பிடித்தால் ஸ்போக் முனை டியூபைக் குத்தும். துருவைத் தேய்த்து எடுத்தேன். புது டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசை. வண்ணப் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், டயரின் எடை குறைந்த இடம் அது. டியூபில் கொஞ்சம் காற்று, மேலே கொஞ்சம் முகப் பவுடர். பேத்தியின் பவுடர் டப்பா காலியானதற்குக் காரணம் இதுதான், அவள் அம்மாவுக்கு இப்போதுதான் தெரியப் போகிறது. மாட்டி முடித்ததும் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளிவிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும், பீடுக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் அப்போது விடுபடும். பிறகு காற்று. டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது சுற்றிலும் ஒரே அளவில் தெரிந்தால் டயர் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி. எனக்கு மூன்று தடவை ஆனது. வால்வின் கீழ் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். டயர் சற்று நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக் கொடுக்கும், இறுக்கி வைத்தால் காட்டாமலே பிய்ந்துவிடும்.

செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களே மாற்றிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

“இவ்வளவு எதற்கு, டியூப்லெஸ் போட்டுவிடலாமே” என்று ஏ பிளாக் நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆணி ஏறினால் டியூப்லெஸ்ஸில் காற்று மெல்ல இறங்கும், டியூப் வைத்த டயரில் நொடியில் போய்விடும். ஆனால் ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு நிப்பிளும் ஒரு ஓட்டை, காற்று அதன் வழியே போய்விடும். அலாய் சக்கரம் வந்த பிறகுதான் பைக்கில் டியூப்லெஸ் பரவலானது. இன்றைய பஞ்சர் கடைகளில் சில தம்பிகளுக்கு லிவர் பிடிக்கத் தெரியவில்லை, ஊசியால் திரி சொருகத்தான் தெரிகிறது. நம் ஊரில் அந்தக் கவலை குறைவு. எக்ஸ்.எல். மொபெட் ஸ்போக் சக்கரத்தோடு காய்கறி மூட்டை சுமந்து ஓடும்வரை பாகலூர் ரோட்டிலும் தளி ரோட்டிலும் அந்தக் கை இருக்கும்.

என் வண்டி இப்போது ஓடுகிறது. ஆர்.சி. புதுப்பிக்கும் வேலை பாக்கி இருப்பதால் வளாகத்துக்குள் மட்டும், அதுவும் வாட்ச்மேன் தம்பி பார்த்துச் சிரிக்கிற வேகத்தில். மஞ்சள் தாளை நானே கிழிக்கக் கூடாது என்பதால் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பின்னால் உட்கார வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு விசிட்டர் பார்க்கிங்கில் யெஸ்டியின் பின் சக்கரத்தைக் கழற்றுகிறோம். புது டயர், டியூப், ரிம் பட்டை மூன்றையும் தம்பி வாங்கி வைத்துவிட்டார், தேதியை நானே படித்துப் பார்த்தேன். லிவர் மூன்று என்னிடம் இருக்கிறது. வண்டியைச் சாய்த்துப் பிடிக்க இரண்டு பேரும், கீழே விரிக்கப் பழைய கோணிப்பையும் தேவை. இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், பவுடர் மட்டும் இந்த முறை நான் கடையில் வாங்கிவிட்டேன்.